தட்டை மீன்களின் சினை வளர்ச்சியும் முட்டையிடும் பருவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டை மீன் எந்த மாதத்தில் முட்டையிடும் என்பதுதான் இந்தப் பொருளில் முதலில் வரும் கேள்வி. மாதத்தைச் சொல்வது எளிது. அந்த மாதம் ஏன் அமைந்தது என்பதற்கான விடை, பல வாரங்கள் கழித்துக் குஞ்சு போய்ச் சேர வேண்டிய ஆழமற்ற மணற்கரையில் ஒரு பாதியாகவும், முந்தைய கோடையில் தாய் மீன் தின்ற இரையில் மறுபாதியாகவும் இருக்கிறது. கீழே உள்ள விடைகள் இந்த இரு முனைகளையும் தொடர்ந்து செல்கின்றன.

தட்டை மீன்கள் என்பவை எவை? இங்கே எந்த மீன் முதன்மையாகப் பேசப்படுகிறது?

இரு கண்களும் உடலின் ஒரே பக்கத்தில் அமைந்து, மறுபக்கத்தைத் தரையில் பதித்து வாழும் மீன்களே தட்டை மீன்கள். நம் கரைகளில் நாக்கு மீன், எருமை நாக்கு என்று விற்கப்படுபவையும், ஐரோப்பிய, அமெரிக்கக் கடல்களின் பிளேஸ், சோல், டர்பட், ஹாலிபட், ஃபிளவுண்டர் ஆகியவையும் இந்த வரிசையைச் சேர்ந்தவை. இங்கே முதன்மையாகப் பேசப்படுவது வடகடலின் பிளேஸ். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதன் முட்டைகள் வலையால் அரித்து எண்ணப்பட்டு வந்திருக்கின்றன. சினைப்பையில் தொடங்கிக் கரை சேரும் குஞ்சு வரை ஒவ்வொரு கட்டமும் தெரிந்திருக்கும் தட்டை மீன்கள் மிகச் சில. மற்ற இனங்கள், பிளேஸிலிருந்து வேறுபடும் இடங்களில் மட்டும் வருகின்றன.

பிளேஸ் எங்கே, எப்போது முட்டையிடுகிறது?

வடகடலின் தென்கோடியில், இங்கிலாந்தின் தேம்ஸ் முகத்துவாரத்துக்கும் நெதர்லாந்துக் கரைக்கும் இடைப்பட்ட பகுதியில், டிசம்பரிலிருந்து மார்ச் வரை முட்டையிடுகிறது. உச்சம் ஜனவரியில் வருகிறது. ஆங்கிலக் கால்வாயின் கிழக்குப் பகுதியிலும் ஜெர்மன் வளைகுடாவிலும் முட்டையிடும் களங்கள் உண்டு. வடக்கே போகப் போகப் பருவம் பிந்துகிறது. ஐஸ்லாந்துக் கரையில் மார்ச், ஏப்ரல் மாதங்களே முதன்மையானவை.

வியப்பளிப்பது, தென் வடகடலில் இந்தப் பருவம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே நாட்களில் வருவதுதான். இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் மீன்வள ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் குஷிங், பல பத்தாண்டுகளின் முட்டைக் கணக்குகளை வைத்து 1969-இல் இதை எடுத்துக்காட்டினார். உச்ச நாள் ஓராண்டுக்கும் மற்றோராண்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்ற அளவிலேயே நகர்ந்தது. குளிர் கூடிய ஆண்டு, குறைந்த ஆண்டு என்று கடல் மாறினாலும் மீன் தன் நாட்காட்டியைப் பெரிதாக மாற்றிக்கொள்வதில்லை.

முட்டையிடும் களத்துக்கு மீன்கள் எப்படி வந்து சேர்கின்றன?

கடல் ஏற்றவற்றங்களின் ஓட்டத்தை வாகனமாக்கிக்கொண்டு வருகின்றன. 1970-களில் லோஸ்டாஃப்ட் ஆய்வாளர்கள் ஒலி எழுப்பும் சிறு கருவிகளைப் பிளேஸ் மீன்களில் கட்டிக் கப்பலில் பின்தொடர்ந்தபோது, தான் போக வேண்டிய திசையில் நீரோட்டம் ஓடும் சில மணி நேரம் மீன் தரையை விட்டு நடுநீருக்கு எழுந்து அதனோடு செல்வதும், ஓட்டம் திரும்பியதும் தரையில் படுத்துக்கொள்வதும் தெரியவந்தது. இலையுதிர் காலத்தின் இறுதியில் தெற்கு நோக்கி ஓடும் ஓட்டத்தையும், முட்டையிட்டு முடித்தபின் வடக்கு நோக்கி ஓடும் ஓட்டத்தையும் அவை இப்படிப் பயன்படுத்துகின்றன. இரை எடுக்காமல் பயணம் செய்யும் சினை மீனுக்கு இதில் மிச்சமாகும் ஆற்றல் சிறிதன்று.

குஞ்சுக்கு இரை குறைந்த நடுக்குளிர் காலத்தில் ஏன் முட்டையிட வேண்டும்?

இதற்குக் குஞ்சு கரை சேரும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இளம் பிளேஸ் வளரும் இடம் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரைகளை ஒட்டிய வாடன் கடலின் சேற்று மணல் திட்டுகளும் அவற்றை அடுத்த மணற்கரைகளும் ஆகும். அங்கே வசந்தத்தின் நடுவிலிருந்து நீர் சூடேறி, புழுக்களும் சிறு சிப்பிகளும் பெருகுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் வந்து இறங்கும் குஞ்சுக்கு முழுக் கோடையும் வளர்ச்சிக் காலமாகக் கிடைக்கிறது.

அந்த நாளிலிருந்து பின்னால் வருவோம். தரையில் இறங்குவதற்கு முன், முட்டையிலிருந்து பொரித்த இளங்குஞ்சு, அதாவது இளவுயிரி, ஆறு முதல் பத்து வாரம் வரை நீரில் மிதந்து வளர வேண்டும். அதற்கு முன் முட்டை ஏறத்தாழ மூன்று வாரம் மிதந்திருக்க வேண்டும். இரண்டையும் கழித்தால் ஜனவரி, பிப்ரவரியில் வந்து நிற்கிறோம். தெற்குக் களத்திலிருந்து நெதர்லாந்துக் கரையை ஒட்டி வடகிழக்காக ஓடும் மெதுவான நீரோட்டம், முட்டையையும் இளவுயிரியையும் வாடன் கடலின் வாயிலுக்குக் கொண்டு சேர்க்க எடுத்துக்கொள்ளும் காலமும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. களத்தின் இடமும் பருவத்தின் மாதமும் சேர்ந்தே தேர்வானவை. ஒன்றை மட்டும் மாற்றினால் குஞ்சு தவறான கரையிலோ தவறான மாதத்திலோ போய்ச் சேரும்.

இரை குறைவு என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. பிளேஸ் முட்டை பெரியது. பொரித்து வரும் குஞ்சிடம் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தாங்கும் மஞ்சள்கரு இருக்கிறது. அது தீரும்போது தென் வடகடலில் ஓய்கோப்ளூரா என்னும் வால்கொண்ட மிதவையுயிர் கிடைக்கத் தொடங்குகிறது. அங்கே பிளேஸ் இளவுயிரிகள் பெரிதும் அதையே தின்கின்றன. இளவுயிரிகள் பொரிக்கும் காலமும் அவற்றின் இரை பெருகும் காலமும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றனவோ அந்த அளவுக்கே அவ்வாண்டுக் குஞ்சுகள் பிழைக்கும் என்ற குஷிங்கின் கருதுகோள், முட்டையிடும் நாள் மாறாமல் இருக்க இரை பெருகும் நாள் மாறிக்கொண்டே இருக்கும் இந்த முரணிலிருந்து பிறந்ததுதான்.

சினை எப்போது உருவாகத் தொடங்குகிறது?

ஜனவரியில் வெளிவரும் முட்டைக்குள் மஞ்சள்கரு சேர்வது முந்தைய கோடையின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. சினைப்பைக்குள் எந்நேரமும் மஞ்சள்கரு இல்லாத மிகச் சிறிய முட்டையணுக்கள் ஏராளமாக இருக்கின்றன. இவை பல ஆண்டுகளுக்கான இருப்பு. இவற்றில் ஒரு தொகுதி மட்டும் கோடையில் பிரிந்து வளர்கிறது. முதலில் அவற்றின் புறப்பகுதியில் சிறு நுண்பைகள் தோன்றுகின்றன; இவை இப்போது எந்த வேலையும் செய்யாமல், பிற்பாடு விந்தணு நுழையும் கணத்துக்காகக் காத்திருப்பவை. அடுத்து மஞ்சள்கரு சேரும் நீண்ட கட்டம் வருகிறது.

இந்தக் கட்டத்தை நடத்துவது சினைப்பை மட்டுமன்று. பகல் நீளம் குறையத் தொடங்கும்போது மூளையிலிருந்து வரும் குறிப்பால் பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனை விடுகிறது. அது முட்டையணுவைச் சூழ்ந்த உயிரணுக்களை எஸ்ட்ராடயால் என்னும் பெண் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. எஸ்ட்ராடயால் குருதி வழியே ஈரலை அடைந்ததும், ஈரல் விட்டெலோஜெனின் என்ற புரதத்தைப் பெருமளவில் உருவாக்கிக் குருதியில் விடுகிறது. முட்டையணு அதை உறிஞ்சி மஞ்சள்கருவாகச் சேமிக்கிறது. இலையுதிர் காலத்துப் பெண் மீனின் ஈரல், முட்டைக்கான சமையலறையாகவே இயங்குகிறது. ஐந்தாறு மாதங்களில் முட்டையணு கண்ணுக்குப் புலப்படாத அளவிலிருந்து ஒரு மில்லிமீட்டரை நெருங்கும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

ஆண் மீனில் இவ்வளவு செலவு இல்லை. தட்டை மீன் ஆண்களின் விந்தகம் உடல் எடையில் மிகச் சிறிய பங்கே. அவை பெண்களுக்கு முன்பே களத்துக்கு வந்து, பெண்கள் போன பின்பும் தங்கிவிடுகின்றன.

ஒரு மீன் எத்தனை முட்டைகள் இடும்? அந்த எண்ணிக்கையை எது முடிவு செய்கிறது?

பிளேஸில் உடல் அளவைப் பொறுத்து ஏறத்தாழ 50,000 முதல் 5,00,000 வரை. நடுத்தர அளவுள்ள, 35 செ.மீ. பெண் மீனுக்கு ஒரு லட்சம் என்று கொள்ளலாம்.

எண்ணிக்கை முடிவாகும் விதம் கவனிக்கத்தக்கது. பிளேஸ் குளிர்காலத்தில் ஏறக்குறைய எதையும் தின்பதில்லை. எனவே முட்டைக்கான புரதமும் கொழுப்பும் கோடையில் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்ததிலிருந்தே வந்தாக வேண்டும். முட்டையிடத் தொடங்கிய பின் புதிய முட்டையணுக்களை வளர்ச்சிக்குச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. அந்தப் பருவத்துக்கான தொகுதி இலையுதிர் காலத்திலேயே எல்லை கட்டப்பட்டுவிடுகிறது. கோடையில் மீன் எப்போதும் தாராளமாகவே தொடங்குகிறது. பிறகு கைவசம் உள்ள சேமிப்புக்கு ஏற்ப, வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையணுக்களில் ஒரு பகுதியைச் சிதைத்து, அவற்றின் சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மெலிந்த மீனில் இந்தச் சிதைவு மிகுதி. செப்டம்பரில் சினைப்பையை வெட்டி எண்ணிய எண்ணிக்கையும் டிசம்பரில் எண்ணிய எண்ணிக்கையும் ஒத்துவராததற்குக் காரணம் இதுவே. கருவள மதிப்பீடுகளை, அதாவது ஒரு பெண் மீன் ஒரு பருவத்தில் இடும் முட்டைகளின் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகளை, படிக்கும்போது மாதிரி எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

டர்பட் வேறு வகை. வசந்தத்திலும் கோடையிலும், இரை மிகுந்த காலத்தில் முட்டையிடும் இந்த மீனின் முட்டை ஏறத்தாழ 1 மி.மீ. அளவே உடையது, ஆனால் ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் ஒரு கோடி முட்டைகள் வரை இடக்கூடும். சிறிய முட்டை பல, பெரிய முட்டை சில என்ற இந்தத் தேர்வும் பருவத்தோடு பிணைந்தது: குளிர்காலத்தில் இடப்படும் முட்டை பெரிதாக இருந்தால்தான், மெதுவாக வளரும் கருவுக்கும் இரைக்குக் காத்திருக்கும் குஞ்சுக்கும் சேமிப்பு போதுமானதாக இருக்கும்.

எல்லா முட்டைகளும் ஒரே தடவையில் வெளிவருமா?

வராது. பெண் மீன் சில நாட்களுக்கு ஒரு தடவை என ஒரு மாதத்துக்கும் மேலாகத் தவணைகளில் இடுகிறது. ஒவ்வொரு தவணைக்கும் சினைப்பையின் ஒரு பகுதி முட்டையணுக்கள் மட்டும் இறுதி முதிர்ச்சி அடைகின்றன. உட்கரு ஓரத்துக்கு நகர்ந்து அதன் உறை கரைய, முட்டையணு திடீரென நீரை உறிஞ்சிப் பருத்து, ஒளிபுகாத வெண்மையிலிருந்து கண்ணாடி போன்ற தெளிவை அடைகிறது. பருவத்தின் முற்பகுதியில் இடும் முட்டைகள் சற்றுப் பெரியவை. தவணைகள் செல்லச் செல்ல விட்டம் குறைகிறது. வயதும் அளவும் மிகுந்த பெண்கள் பெரிய முட்டைகளை, கூடுதல் நாட்களுக்கு இடுகின்றன. சந்தையில் பெரிய மீனுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையை நினைத்தால், கடல் இழப்பது எடையை மட்டுமன்று என்பது இங்கே தெரிகிறது.

தவணை முறையால் பண்ணைக்காரர்களுக்கு ஒரு சிக்கலும் உண்டு. டர்பட், ஹாலிபட் போன்றவற்றில் முதிர்ந்து சினைப்பையின் குழிவுக்குள் விழுந்த முட்டைகள், வெளியே எடுக்கப்படாமல் சில மணி நேரம் தங்கினாலே கருவுறும் திறனை இழக்கத் தொடங்குகின்றன. ஒவ்வொரு பெண் மீனின் தவணை இடைவெளியையும் தனித்தனியே குறித்துவைத்து, அதன் நேரத்துக்கு வயிற்றை அழுத்திப் பிழிந்தால்தான் நல்ல முட்டை கிடைக்கும்.

முட்டை கருவுறுவது எப்படி?

ஆணும் பெண்ணும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையிலிருந்து எழுந்து, நீந்தியபடியே முட்டையையும் விந்தையும் நீரில் விடுகின்றன. விந்தகத்துக்குள் அசையாதிருக்கும் விந்தணுக்கள், கடல் நீரின் உப்பு பட்டதும் இயங்கத் தொடங்குகின்றன; அந்த இயக்கம் குறுகிய நேரமே நீடிக்கும். முட்டையின் உறையில் ஒரேயொரு நுண்துளை உண்டு. அதன் வழியே முதல் விந்தணு நுழைந்ததும், கோடையில் உருவாகிக் காத்திருந்த புற நுண்பைகள் வெடித்து, முட்டைக்கும் உறைக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்கி, உறையைக் கெட்டியாக்கி, வேறு விந்தணு நுழையாதபடி செய்துவிடுகின்றன.

தரையில் வாழும் மீனின் முட்டை ஏன் மிதக்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கடல் மீன்களின் முட்டைகள் தரையில்தான் கிடக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1860-களில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுப் பகுதியில் அந்நாட்டு உயிரியலாளர் ஜி. ஓ. சார்ஸ், காட் மீனின் முட்டைகள் மிதப்பதைக் கண்டார். தட்டை மீன்களின் முட்டைகளும் அவ்வாறே என்பது தொடர்ந்து தெரியவந்தது.

பல மீன்களின் முட்டையில் எண்ணெய்த் துளி இருக்கும். டர்பட் முட்டையில் ஒரு துளியும், சோல் முட்டையில் பல துளிகளும் உள்ளன. 2 மி.மீ. அளவுள்ள பிளேஸ் முட்டையில் ஒன்றும் இல்லை. அதை மிதக்கவைப்பது நீர்தான். இறுதி முதிர்ச்சியின்போது மஞ்சள்கருப் புரதத்தின் ஒரு பகுதி அமினோ அமிலங்களாகச் சிதைகிறது; கரைந்த இந்த மூலக்கூறுகள் முட்டைக்குள் நீரை இழுக்கின்றன. இழுக்கப்படும் நீரின் உப்பு, தாயின் உடல் திரவத்தின் அளவே. அதாவது கடல் நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உப்பு குறைந்த நீரால் நிறைந்த முட்டை, உப்பு மிகுந்த கடலில் மேலெழுகிறது. அந்த அமினோ அமிலங்கள் பிறகு கருவின் வளர்ச்சிக்கு எரிபொருளாகவும் பயன்பட்டுவிடுகின்றன.

அப்படியானால் உப்பு குறைந்த கடலில் முட்டை மூழ்கிவிடுமே?

மூழ்கும். பால்டிக் கடலின் கதை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்குகிறது. திறந்த பெருங்கடலில் உப்பு 1,000-க்கு 35 என்றால், பால்டிக்கின் மேல் நீரில் பல இடங்களில் 5 முதல் 7 மட்டுமே. ஆழமான படுகைகளில் மட்டும், டென்மார்க் நீரிணைகள் வழியே அவ்வப்போது புகும் கடல் நீரால் உப்பு கூடுதலாக இருக்கிறது. அங்கே முட்டையிடும் ஃபிளவுண்டரின் முட்டைகள் வடகடல் உறவினத்தின் முட்டையைவிடப் பெரியவை, நீர் மிகுந்தவை. அவை மேற்பரப்புக்கு வராமல், தம் அடர்த்திக்கு ஒத்த உப்புள்ள ஆழத்தில் நின்று மிதக்கின்றன. ஆனால் அந்த ஆழத்தில் பல ஆண்டுகளில் ஆக்சிஜன் போதாது. உப்பு போதிய ஆழமும் ஆக்சிஜன் போதிய ஆழமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் அடுக்கு எவ்வளவு தடிமனோ, அவ்வளவே அவ்வாண்டின் வாய்ப்பு.

பால்டிக்கின் வடக்கு, கிழக்குக் கரைகளில் இன்னொரு ஃபிளவுண்டர், ஆழமற்ற நீரில் தரையிலேயே முட்டையிடுகிறது. அதன் முட்டைகள் சிறியவை, மூழ்குபவை. அதன் விந்தணுக்கள் அந்தக் குறைந்த உப்பிலேயே இயங்குகின்றன. நெடுங்காலம் ஒரே இனத்தின் இரு வாழ்முறைகள் என்று கருதப்பட்ட இவை, மரபணுச் சான்றுகளால் 2018-இல் இரு இனங்களாகப் பிரிக்கப்பட்டன. புதிய இனத்துக்குப் பிளாட்டிக்திஸ் சோலெம்டாலி என்று பெயர்; ஃபிளவுண்டர் முட்டைகளின் மிதப்புத்தன்மையை 1960-களில் ஆராய்ந்த நார்வே அறிஞர் பெர் சோலெம்டால் நினைவாக வைக்கப்பட்டது. ஒரு முட்டையின் மிதப்பு, புதிய இனம் பிரியும் அளவுக்கு வலுவான காரணமாவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கடல் மீன்களில் அரிது.

கருவளர்ச்சி எந்தெந்தக் கட்டங்களில், எத்தனை நாட்களில் நடக்கிறது?

நீர் 6 டிகிரி செல்சியஸ் இருந்தால் 18 முதல் 20 நாட்கள். 10 டிகிரியில் ஏறத்தாழ 12 நாட்கள். வெப்பத்தைத் தெரிந்துகொண்டால், வலையில் விழுந்த முட்டையின் கட்டத்தைப் பார்த்து அது எத்தனை நாளுக்கு முன் இடப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

லோஸ்டாஃப்டில் பணியாற்றிய சிம்ப்சன் 1959-இல் வெளியிட்ட ஐந்து கட்டப் பகுப்பே பிளேஸுக்கு வழக்கத்தில் உள்ளது. முதற்கட்டத்தில் மஞ்சள்கருவின் ஒரு முனையில் உள்ள வட்டு இரண்டு, நான்கு, எட்டு எனப் பிளந்து, பிறகு தனித்தனியே எண்ண முடியாத நுண் உயிரணுக்களின் குவியலாகிறது. இரண்டாம் கட்டத்தில் அந்த வட்டு மஞ்சள்கருவைப் போர்த்திக்கொண்டே கீழிறங்க, கருவின் முதல் கோடு தெரிகிறது; போர்வை முழுவதும் மூடிக்கொள்வதோடு இக்கட்டம் முடிகிறது. மூன்றாம், நான்காம் கட்டங்களில் கண் மொட்டுகளும் உடற்கண்டங்களும் தோன்றி, இதயம் துடித்து, நிறமிப் புள்ளிகள் பரவுகின்றன. கருவின் உடல் மஞ்சள்கருவைச் சுற்றி நீண்டுகொண்டே போகிறது. ஐந்தாம் கட்டத்தில் வால் முழுச் சுற்றையும் தாண்டி, உறைக்குள் கரு புரள்கிறது. தலைப்பகுதிச் சுரப்பிகளிலிருந்து வரும் நொதி உறையை மெலிவித்ததும், 6 முதல் 7 மி.மீ. நீளமுள்ள குஞ்சு வெளிவருகிறது.

முட்டையின் வெப்பத் தாங்குதிறன் வளர்ந்த மீனுடையதைவிடக் குறுகியது. பெரிய பிளேஸ் கோடையில் எளிதாகத் தாங்கும் வெப்பத்தில் அதன் முட்டை பிழைக்காது.

பொரித்த குஞ்சு தட்டையாக இருக்குமா?

இருக்காது. பக்கத்துக்கு ஒரு கண்ணுடன் நிமிர்ந்தே நீந்தும். 10 மி.மீ. தாண்டிய பின், தைராய்டு ஹார்மோன் மிகுந்து, இடக்கண் மண்டையின் உச்சியைக் கடந்து வலப்பக்கம் வருகிறது. குஞ்சு இடப்பக்கத்தைக் கீழாக்கித் தரையில் படுக்கிறது.

எல்லாத் தட்டை மீன்களின் முட்டைகளும் கடல் மேற்பரப்பில்தான் மிதக்குமா?

அட்லாண்டிக் ஹாலிபட் இதற்கு ஒரு விலக்கு. நார்வே ஃபியோர்டுகளிலும் கண்டத்திட்டின் சரிவுகளிலும் 300 முதல் 700 மீட்டர் ஆழத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை முட்டையிடும் இந்த மீனின் முட்டை 3 மி.மீ. அளவுடையது, மேற்பரப்புக்கு வராமல் ஆழத்திலேயே மிதக்கிறது. இரண்டு, மூன்று வாரத்தில் பொரிக்கும் குஞ்சுக்கு வாயும் கண்ணும் முழுமை பெற்றிருப்பதில்லை. 6 டிகிரி குளிரில், இருட்டில், மேலும் ஆறு வாரத்துக்கும் மேலாக மஞ்சள்கருவை மட்டுமே நம்பி வளர்கிறது. ஹாலிபட் பண்ணைகளுக்கு மிகுந்த இழப்பைத் தந்த கட்டம் இதுதான்.

வட அமெரிக்கக் கிழக்குக் கரையின் குளிர்கால ஃபிளவுண்டர் மற்றொரு விலக்கு. இது குளிர்காலத்தின் பிற்பகுதியில் முகத்துவாரங்களுக்குள் வந்து, ஒட்டும் தன்மையுள்ள, மூழ்கும் முட்டைகளைத் தரையில் இடுகிறது. ஆற்று நீரோட்டம் முட்டையைக் கடலுக்கு அடித்துச் செல்லாமல், குஞ்சு வளரும் இடத்திலேயே அது தங்கிவிடுகிறது. உறைபனியை ஒட்டிய நீரில் வாழ்வதற்காகப் பெரிய மீனின் குருதியில் உறைவைத் தடுக்கும் புரதம் இலையுதிர் காலத்தில் சேர்கிறது. பகல் நீளம் குறைவதே அதற்கும் குறிப்பு.

இட்ட முட்டைகளில் எத்தனை பிழைக்கும்?

மிக மிகச் சில. ஹெர்ரிங், ஸ்ப்ராட் மீன்களின் வயிற்றில் பிளேஸ் முட்டைகள் காணப்படுகின்றன. சீப்பு ஜெல்லிகளும் தின்கின்றன. கரை சேர்ந்த குஞ்சுகளுக்கோ வாடன் கடலின் பழுப்பு இறால் எமனாகிறது, 3 செ.மீ. வளரும் வரை பிளேஸ் குஞ்சு அதற்கு இரை.

கடுங்குளிர் ஆண்டுகளில் கதை மாறுகிறது. 1963-ஆம் ஆண்டின் கொடுங்குளிருக்குப் பின் வடகடலில் பிறந்த பிளேஸ் தலைமுறை மிகப் பெரியது. 1985, 1996 ஆண்டுகளின் குளிருக்குப் பின்னும் அவ்வாறே. குளிரில் முட்டை மெதுவாக வளர்ந்து நெடுநாள் இடருக்கு உள்ளாகும் என்பதால் இழப்பு கூடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அதே குளிர், முட்டைகளைத் தின்னும் உயிர்களின் வேகத்தையும் குறைக்கிறது. கரையில் இறாலின் வரவைத் தாமதமாக்கி, குஞ்சுகளுக்குச் சில வாரம் கூடுதலாகத் தருகிறது.

முட்டைகளை எண்ணிக் கடலில் உள்ள மீன்களை மதிப்பிட முடியுமா?

முடியும். கீல் நகரப் பேராசிரியர் விக்டர் ஹென்சன் 1880-களில் இதற்கென்றே செங்குத்தாக இழுக்கும் வலையை அமைத்தார். 1895-இல் வடகடலில் குளிர்கால முட்டைகளை எண்ண ஒரு பயணமும் நடந்தது. குறிப்பிட்ட பரப்பில் முதற்கட்ட முட்டைகள் எத்தனை, அக்கட்டம் எத்தனை நாள் நீடிக்கும் என்பவற்றிலிருந்து நாளொன்றுக்கு இடப்பட்ட முட்டைகளையும், அதை ஒரு பெண் மீனின் கருவளத்தால் வகுத்துத் தாய் மீன்களின் எண்ணிக்கையையும் பெறுகிறார்கள். மேலே சொன்ன முட்டையணுச் சிதைவைக் கணக்கில் எடுக்காவிட்டால் கருவளம் மிகையாகி, தாய் மீன்கள் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

மீன்பிடிப்பும் கடல் வெப்பமும் பருவத்தை மாற்றியுள்ளனவா?

மீன்பிடிப்பு, முட்டையிடும் மாதத்தைவிட, முதன்முதலில் முட்டையிடும் வயதையும் அளவையும் மாற்றியிருக்கிறது. வடகடல் பிளேஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட இளவயதிலேயே, சிறிய அளவிலேயே சினை பிடிக்கிறது. மெதுவாகப் பருவமடையும் மீன் முட்டையிடும் முன்பே வலையில் சிக்கிவிடுவதால், விரைவில் பருவமடையும் மரபு மிஞ்சியிருக்கிறது என்று 2003-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வாளர்களின் பகுப்பாய்வு வாதிட்டது. இளம் மீன்களைக் காக்க 1989-இல் டச்சு, ஜெர்மன், டேனிஷ் கரைகளை ஒட்டிப் பெரிய இழுவலைப் படகுகளுக்குத் தடை செய்த பகுதி ஒன்று உருவாக்கப்பட்டது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, வசந்தத்தில் முட்டையிடும் சோல் நீர் சூடேறுவதை எதிர்பார்த்தே தொடங்குவதால், 1970-களுக்குப் பின் அதன் சில கூட்டங்களில் பருவம் முந்தி வருகிறது.

பண்ணைகளில் பருவத்தை மாற்ற முடியுமா?

பகல் நீளமே முதன்மைக் குறிப்பு என்பதால், கூடத்தின் விளக்குகளைக் கொண்டு ஆண்டைச் சுருக்கியோ நீட்டியோ, டர்பட், ஹாலிபட் மீன்களை எந்த மாதத்திலும் முட்டையிடச் செய்கிறார்கள். நீரைக் குளிர்விக்காமல் ஒளியை மட்டும் மாற்றினால் முட்டையின் தரம் கெடும். செனகல் சோலில் வேறு தடை: பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த ஆண்கள் பெண்களோடு இணைவதில்லை, கடலில் பிடித்த மீன்களை நம்பியே குஞ்சு உற்பத்தி நெடுங்காலம் நடந்தது.

நம் கடல்களின் நாக்கு மீன்களுக்கு இவை பொருந்துமா?

உடலியக்கம் பொருந்தும்; நாட்காட்டி பொருந்தாது. பகல் நீளமும் வெப்பமும் ஆண்டு முழுவதும் சிறிதளவே மாறும் கடலில், பருவத்தை வகுப்பது பருவமழைதான். மலபார் கரையின் சிறு நாக்கு மீன், கேரளத்தில் மாந்தள் எனப்படுவது, இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. 1950-களில் கோழிக்கோட்டில் சேஷப்பாவும் பீமாச்சாரும் செய்த ஆய்வுகளின்படி, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மீனின் வளர்ச்சி தடைப்பட்டு, அதன் செதிலில் வளையம் பதிகிறது. மழை ஓய்ந்து மீன் கரையோரம் திரளும் காலத்துக்குப் பின் முட்டையிடல் தொடங்கிப் பல மாதம் நீள்கிறது. நாக்கு மீன் குடும்பத்தின் முட்டைகள் சிறியவை, பல எண்ணெய்த் துளிகள் கொண்டவை. நம் கடலின் வெப்பத்தில் அவை மூன்று வாரமெல்லாம் காத்திருப்பதில்லை, ஏறத்தாழ ஒரு நாளிலேயே பொரித்துவிடும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் மழைக்காலத்திலும் விதிக்கப்படும் விசைப்படகுத் தடை பல இனங்களைக் கருதிய பொது ஏற்பாடு. அதைக் கொண்டு நாக்கு மீனின் முட்டையிடும் மாதத்தை ஊகிக்கக் கூடாது.

வாங்கிய மீன் சினை மீனா என்று எப்படி அறிவது?

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் போதும். தட்டை மீனின் சினைப்பை வயிற்றறையோடு நிற்காமல் வாலை நோக்கி நீண்டு, கூம்பு வடிவ நிழலாகத் தெரியும். விரலால் தடவினாலும் தட்டுப்படும். வெட்டிப் பார்க்கையில், ஒளிபுகா வெண்மணிகளுக்கு இடையே கண்ணாடி மணிகள் தெரிந்தால் அந்த மீன் அடுத்த தவணையை ஓரிரு நாளில் இட்டிருக்கும். தளர்ந்து, சிவந்து, நீர்த்துப்போன பை என்றால் அது முட்டையிட்டு முடித்த மீன். அதன் சதையும் நீர்த்திருக்கும், ருசி குறைவு. வடகடல் ஓரத்தில் பிளேஸை முட்டையிட்ட உடனே வாங்காமல், அது மீண்டும் தின்று தேறும் கோடைக்குக் காத்திருப்பது இதனால்தான்.